ஈஸ்வரி வீட்டு நாற்காலி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி, தன் அறக்கட்டளை மலருக்காகக் கேட்டது. ஏழைப் பெண், உதவித்தொகை, கடைசியில் ஆனந்தக் கண்ணீர். கண்ணீர் கட்டாயமாம். மேனேஜர் போனில் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

2

பழவேற்காடு ஏரியின் மீது பொன்னிறக் கதிர்கள்...

(அடித்துவிட்டேன். ரத்னா வீட்டில் அந்நேரம் யாரும் ஏரியைப் பார்க்கவில்லை. துடைப்பம் தேடிக்கொண்டிருந்தார்கள்.)

ரத்னா பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்பவள். மகள் நர்மதாவுக்கு ஏ.சி. மெக்கானிக் படிக்கத் தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. உதவி கேட்டவர்களின் வீட்டைப் பார்க்க அறக்கட்டளை ஆள் குணாளன் வருகிறார் என்றதும் குப்பமே கிளம்பிவிட்டது. வந்தவர் முன்னால் ஒரு வீடு தன் இல்லாமையைக் காட்டினால் தெருவுக்கே அவமானம். பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் நாற்காலி வந்தது. எதிர்வீட்டு ஃபேன் வந்தது. யாருடையதோ டிவியும் வந்தது. தட்டில் நண்டு வறுவல்.

குணாளன் நண்டை உடைத்து உறிஞ்சினார். விரலையும் நக்கினார். பிறகு ‘வசதியான குடும்பம்’ என்று எழுதிவிட்டுப் போனார். அடடா, என்ன தர்மப் பிரபு!

3

கலங்கிய கண்களோடு நர்மதா...

(இல்லை. அவள் கலங்கவில்லை, கத்தினாள்.)

“இன்னாம்மா இது பேஜாரு! இரவல் ஃபேனால என் படிப்பு பூடுச்சே!”

“ஊட்டுக்கு வந்த மனுசன தரையிலயா குந்த வெப்பாங்க? ஊர்ல இன்னா பேசுவாங்க?”

“ஊரா எனக்கு பீஸ் கட்டப் போவுது?”

நர்மதா கம்பெனிக்கே போன் போட்டுச் சண்டை பிடித்தாள். வியாழக்கிழமை குணாளனை மறுபடி அனுப்புவதாக மேனேஜர் இறங்கிவந்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: “இந்த வாட்டி வீடு கொஞ்சம் ஏழையா இருக்கட்டும்மா.”

4

முடிவு ஒன்று: வெறும் வீடு, கிழிந்த பாய், ரத்னா கும்பிடுகிறாள், பணம் வருகிறது. மலருக்குக் கச்சிதம். எனக்குக் குமட்டுகிறது.

முடிவு இரண்டு: ரத்னா தலைநிமிர்ந்து குணாளனை விரட்டுகிறாள். கைதட்டல் எனக்கு வரும், நர்மதாவின் இடம் போகும். தன்மானம் பற்றி எழுதுகிறவனுக்கு என்ன, அவனா பீஸ் கட்டப்போகிறான்?

5

வியாழக்கிழமை. இரவல் சாமான் எல்லாம் திரும்பிப் போய்விட்டது. குணாளன் வாசலில் நிற்கிறார், வேர்த்து வழிகிறது. ரத்னாவுக்குப் பொறுக்கவில்லை. ஈஸ்வரி வீட்டுக்கு ஓடி நாற்காலியைத் தூக்கிவிட்டாள். நர்மதா பின்னாலேயே ஓடி அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“வுடுடி. மனுசன் நின்னுக்கினு இருக்காரு.”

“நிக்கட்டும்மா.”

இருவரும் இழுக்கிறார்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கண்ணீருக்காகக் காத்திருந்தவர்கள் மேனேஜருக்குப் போன் செய்யுங்கள். மற்றவர்கள் வந்து நாற்காலியை ஒரு பக்கம் பிடியுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.