முதல் கோட் காயட்டும்

பெயிண்டர் விசிலடித்துக்கொண்டே வேலைக்கு வந்தார். மேஸ்திரி குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

போன வருஷமும் விசிலில்தான் ஆரம்பித்தது. நாலு நாள் பொட்டுத் தூக்கமில்லை, வாய் ஓயவில்லை. பிரஷ்களையெல்லாம் தெருவில் போனவனுக்குத் தூக்கிக் கொடுத்தார். வெள்ளை அடிக்கச் சொன்ன வீட்டுக்குச் சிவப்பு அடித்தார், பக்கத்து வீட்டுக் கேட்டையும் விட்டுவைக்கவில்லை. ஈரம் காயும்வரை பொறுக்காமல் கோட்டுக்கு மேல் கோட் போட்டதில் சுவர் தோலுரிந்து தொங்கியது. அப்புறம் இறங்கினார் பாருங்கள், அதுதான் இறக்கம். இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவர் பல் விளக்கக்கூட எழவில்லை. டாக்டர் அதற்கு பைபோலார் என்றார். மேஸ்திரி அதை விசில் வியாதி என்று புரிந்துகொண்டார்.

"சாரத்தை விட்டு இறங்குய்யா."

"ஏன் மேஸ்திரி?"

"விசிலடிக்கிறியே!"

"கை நடுக்கம் நின்னுடுச்சு மேஸ்திரி. டாக்டர் மாத்திரை அளவ மாத்தினாரு. இன்னைக்கு சீலிங் ஓரம் நான்தான் அடிப்பேன்."

மாத்திரை கொடுத்த நடுக்கத்தால் மாதக்கணக்கில் ரோலர்தான் உருட்டிக்கொண்டிருந்தார். சீலிங் ஓரத்தில் நேர்கோடு இழுக்கிற கைக்குத்தான் பெயிண்டர் என்று பேர். இன்று இறக்கிவிட்டால் மறுபடி ரோலர்தான்.

மேஸ்திரி பெயிண்டரின் மனைவிக்குப் போன் போட்டார். "ஆளு சந்தோஷமா இருக்கான்மா, எனக்கு பயமா இருக்கு!"

மில்லில் காலை ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சுத் தூசியுடன் வந்து நின்றாள் அவள்.

"ராத்திரி தூங்கினாரா?" என்றார் மேஸ்திரி.

"குறட்டையில நான்தான் தூங்கல. மாத்திரையும் என் கண்ணு முன்னாடிதான் போட்டாரு."

"அப்புறம் ஏம்மா சிரிக்கிறான்?"

"நீங்க சிரிச்சா யாரும் ஆஸ்பத்திரிக்குப் போன் போடறாங்களா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண்ணும் புருஷனை விட்டு நகரவில்லை. மேஸ்திரி அதைக் கவனித்தார். அதற்குள் பெயிண்டர் சுவரில் அடித்திருந்த முதல் கோட் ஈரமாகப் பளபளத்தது. அவள் ஒரு காலி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உக்காருங்க. இது காயட்டும். அப்புறம் பேசலாம்," என்றாள் புருஷனிடம்.

காயும்வரை பொறுக்கிறாரா என்று பார்க்கிறாள் என்பது பெயிண்டருக்குப் புரிந்தது. சாரத்தை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார்.

நேரம் போனது. சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரர் வருவார் என்ற நினைப்பில் மேஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எலக்ட்ரீஷியனைத் திட்டினார், பிளம்பரைத் திட்டினார், கடைசியில் ஏணியையும் திட்டினார்.

"காஞ்சிடுச்சுய்யா! ரெண்டாவது கோட்டை ஏத்து!"

பெயிண்டர் எட்டிச் சுவரில் விரல் நுனியை வைத்தார். "காயல மேஸ்திரி. இப்ப அடிச்சா உரிஞ்சிடும்."

"அடிங்கறேன்ல! நைட்டெல்லாம் கண்ணு மூடல நான். ஒரே மூச்சுல இந்த வீட்டையும் முடிச்சு, அடுத்த வீட்டையும் பிடிச்சு..."

பெயிண்டரின் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வீட்டம்மா நம்பர் கொடுங்க."

பெயிண்டர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மேஸ்திரி இன்னொரு பக்கெட்டைக் கவிழ்த்து, பெயிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"காஞ்சதும் ஓரம் நீயே அடி," என்றார் சுவரைப் பார்த்தபடி. "விசில மட்டும் கொஞ்சம் மெதுவா அடிய்யா."