சீனிப் போத்தலில் இருந்தது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, ஆட்டோக்காரர் ஸெய்னுதீன் சொல்லிக்கொடுத்தது. "மருந்துத் தூளெண்டா மறிப்பாங்க தங்கச்சி. சீனியெண்டு சொல்லுங்க."

யுத்த காலத்துத் திருகோணமலை. ஆராய்ச்சி மாணவி இராசமலர், சின்னச் சீனிப் போத்தலின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூளோடு கண்டி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறாள். [சப்பென்ற தொடக்கம். "சல்லிக் கிராமத்துக் கடலில் அன்று அலை..." வேண்டாம், எல்லாரும் அலையில்தான் தொடங்குகிறார்கள்.]

2

தூளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நம் உயிரணுவுக்குள் டி.என்.ஏ. இழை புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. அந்தச் சுருணைக்குக் குரோமற்றின் என்று பெயர். இறுகிப்போன இடத்தை உயிரணுவால் வாசிக்க முடியாது. சுற்றைத் தளர்த்தி வழிவிட ஒரு புரதம் உண்டு, சில நோயாளிகளுக்கு அது சோம்பிக் கிடக்கும். சல்லி மீனவர்களின் வலைகளில் சிக்கும் கடற்பஞ்சிலிருந்து இராசமலர் பிரித்தெடுத்த இரசாயனச் சேர்வை அந்தப் புரதத்தைத் தட்டி எழுப்பும் என்கிறாள்.

(பூட்டிய ஊர், சுருண்ட இழை என்று உவமை எழுதக் கை துறுதுறுக்கிறது. அவளுக்குப் பிடிக்காது. விட்டுவிட்டேன்.)

கண்டி ஆய்வுகூடத்தில் சோதித்தால்தான் அவள் சொன்னது நிரூபணமாகும். கடலுக்குப் போக இப்போது தடை, இனிப் பஞ்சு வராது. இருப்பது இந்தப் போத்தல் மட்டும்.

3

சோதனைச் சாவடியில் சிப்பாய் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். ஸெய்னுதீன் சிங்களத்தில் சீனி என்றார். அப்படியானால் தின்னட்டும் என்றான் அவன். அங்கே அதுதான் வழக்கம்: தண்ணீர் என்றால் குடித்துக் காட்ட வேண்டும், பவுடர் என்றால் பூசிக் காட்ட வேண்டும். அவசரத்தில் இருவருமே அதை மறந்துவிட்டார்கள்.

முதல் வரைவில் அவளைத் தின்ன வைத்தேன். விரலை நாக்கில் வைத்தாள், பஸ்ஸில் ஏறினாள், வாசகர் பெருமூச்சு விட்...

இல்லை. மனிதர் எவரும் ருசி பார்க்காத சேர்வை அது. உடம்பில் எதையெல்லாம் எழுப்பும் என்று அவளுக்கே தெரியாது. இரண்டாவது வரைவில் சிப்பாய் மனமிரங்கினான். கிழித்துப் போட்டேன். அவனுக்கு நல்ல பெயர் வாங்கித்தர நான் யார்?

மூன்றாவதில் அவள் என்னைக் கேட்கவில்லை. போத்தலைப் பறித்து மூடியை இறுக்கினாள்.

"ஸெய்னுதீன் நானா, அவருக்குச் சொல்லுங்கோ. இது சீனி இல்லை, என்ர ஆராய்ச்சி. தின்னமாட்டன். கொட்டவும் விடமாட்டன்."

ஸெய்னுதீன் குரலைத் தாழ்த்தினார். "பொய் சொன்னதெண்டு தெரிஞ்சா உள்ள போட்டுடுவாங்க, தங்கச்சி."

"ஓம், தெரியும். சொல்லுங்கோ."

அவர் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

4

துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது. வரிசையில் யாரோ கத்துகிறார்கள்: "ஒரு சிட்டிகைதானே, தின்னன் பிள்ளை! பஸ் போகப்போகுது!"

அந்தக் குரலுக்கு நான் பெயர் வைக்கவில்லை. நீங்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள், அது உங்களுடைய பஸ்ஸும்தான். அவள் தின்னமாட்டாள். அதை இனி என்னாலும் மாற்ற முடியாது. அடுத்ததாக வாய் திறக்க வேண்டியது நீங்கள்.