116, ஆறு வயது

பிள்ளை வளர்க்க வழி சொல்லும் புத்தகம் ராபினிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனைவி பியூலா மாசமாக இருந்தபோது நர்ஸம்மா கொடுத்த தாய் சேய் நலப் புத்தகம். எந்த மாதம் என்ன மாத்திரை, என்றைக்கு ஸ்கேன், பிறந்த பிறகு எந்த ஊசி, எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். கட்டங்களைப் பார்த்துப் பார்த்து நிரப்பியவள் பியூலாதான். மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது மகள் ஆஷாவுக்கு நாலு வயது. ஐந்து வயது ஊசியை ராபினே கூட்டிப்போய்ப் போட்டு, அந்தக் கட்டத்தையும் நிரப்பினான். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அட்டை வந்துவிட்டது.

அதற்கு மேல் எப்படி வளர்ப்பது? கேட்க ஆளில்லை. சொந்த ஊர் நாசரேத்தை விட்டுத் திருப்பூர் வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் அக்கம்பக்கம் எல்லோரும் ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள். பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் வழிகாட்டி, வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலேயே கிடைத்தது. ராபினுக்கு செக்கிங் டேபிளில் வேலை. தைத்து வரும் டீ-சர்ட்டை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, அளவு சரியா என்று பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். எக்ஸ்போர்ட்டுக்குப் போகும் குழந்தைகள் சட்டையில் கவர் மேலேயே சென்டிமீட்டரில் உயரமும், அதற்கான வயதும் போட்டிருக்கும்: 110, ஐந்து வயது. 116, ஆறு வயது. அப்படியே 164, பதினாலு வயது வரைக்கும் போகும். புத்தகம் கைவிட்ட இடத்திலிருந்து பிள்ளை பெரியவளாகிற வரைக்கும் அச்சடித்து வைத்திருக்கிறார்களே என்று ராபின் நம்பிவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது. அந்த எண்களை வைத்துத்தானே இத்தனை வருடமாகச் சரி, தப்பு சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆஷாவின் ஆறாவது பிறந்தநாளுக்கு, எண்ணெய்க்கறை பட்டுத் தள்ளிய 116 ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து போட்டுவிட்டான். தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கியது. சட்டை பாதித் தொடையை மூடியது. ஆஷா கைகளை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள். ராபின் அவளை நிறுத்தி, இறங்கிய தோள் தையலை மேலே இழுத்து வைத்துப் பார்த்தான்; பிள்ளைக்கு வளர்ச்சி போதவில்லை என்று முடிவு கட்டினான்.

அன்றிலிருந்து தினம் ஒரு முட்டை, பேரீச்சம்பழம், சத்துமாவுக் கஞ்சி. மாதம் ஒருமுறை அதே சட்டையைப் போட்டுப் பார்த்தான். அது தோளில் நிற்கவே இல்லை. இத்தனைக்கும் பிள்ளை ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. ஓட்டப் பந்தயத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்து ஒரு சோப்பு டப்பாவும் வாங்கிவந்தாள். அந்த மனுஷன் சட்டையைப் பார்த்தானே தவிரப் பிள்ளையைப் பார்க்கவில்லை.

"தாயில்லாப் பிள்ளய நீங்க ஒத்தையில என்ன பண்ணுவிய? இங்க கொண்டாந்து விடுங்க தம்பி" என்று பியூலாவின் அக்கா நாசரேத்திலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வாள். மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தவன், அடுத்த மே மாதம் விட்டுக்கொடுத்தான். தன் கையில் பிள்ளை வளரவில்லை, மதினி கையிலாவது வளரட்டும் என்று நினைத்தான். துணிப்பையில் அந்த 116 சட்டையும் போனது. விட்டுவிட்டுக் கிளம்பும்போது ஆஷா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதட்டி. நல்லா சாப்ட்டு வளரணும். அந்தச் சட்ட எப்ப சரியாவுதோ, அப்ப வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

அழுகையை நிறுத்தச் சொன்ன பேச்சு. பஸ் ஏறியதும் அவனுக்கு மறந்துபோனது.

தனிமை என்றால் என்னவென்று பியூலா போனபோதே தெரிந்துகொண்டதாக நினைத்திருந்தான். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றே தெரியாமல் தினமும் சோறு மிஞ்சியது. வேலை விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது, உள்ளே யாருமில்லை என்று தெரிந்தும் செருப்பைக் கழற்றியபடியே, "ஏட்டி" என்று கூப்பிட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமை போனில் ஆஷா, "எப்பா, இன்னைக்கு ரெண்டு முட்ட தின்னேன்" என்பாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொள்வான்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, டேபிளுக்குப் புது ஆர்டர் வந்தது. முதல் பீஸை விரித்ததுமே ராபின் நிறுத்திவிட்டான். கவரில் ஆறிலிருந்து ஏழு வயது என்று போட்டிருந்தது. உள்ளே சட்டையோ நாலு வயதுக்குத்தான் காணும். பெரிய தப்பு ஒன்றைப் பிடித்துவிட்ட மிடுக்கோடு கட்டிங் மாஸ்டர் சாமியப்பனிடம் எடுத்துப் போனான்.

"மாஸ்டர், ஸ்டிக்கர் மாறிப்போச்சுங்க. இது ஆறு வயசு சட்டையே இல்ல."

சாமியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மாறுலீங்கண்ணு, சரியாத்தான் இருக்குது. இது காதர்பேட்டைக் கடைகளுக்குப் போற உள்ளூர்ச் சரக்கு. நீ பாத்துட்டு இருந்ததெல்லாம் வெள்ளக்காரப் பசங்களுக்கு. அவங்க அளவே வேற. போதாததுக்கு லூசாத்தான் வேணும்னு வேற கேப்பாங்க. நம்மூருக் கொழந்தைக இத்தன தாங்கண்ணு இருக்கும்."

ராபின் அந்தச் சட்டையைத் தன் வயிற்றோடு வைத்துப் பார்த்தான். ஆஷா வந்து கட்டிக்கொண்டால் அவள் தோள் எவ்வளவு இடம் பிடிக்குமோ, சட்டையின் தோளும் அவ்வளவே இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

"ஏங்கண்ணு, மேலுக்குச் சொகமில்லையா?" என்று மாஸ்டர் கேட்டது அவன் காதில் விழவில்லை.

சாயங்கால டீக்கு விட்டதும் ஜெனரேட்டர் ரூம் பக்கம் போய் நாசரேத்துக்குப் போன் போட்டான். மதினிதான் எடுத்தாள்.

"என்ன தம்பி, புதன்கிழம கூப்புடுதிய? பிள்ள நல்லா இருக்கா, நல்லா திங்கா. ஒரே ஒரு கூத்துதான். ஞாயித்துக்கிழம கோயில் விட்டு வந்ததும் அந்தப் பெரிய சட்டையப் போட்டுட்டு கண்ணாடி முன்னால போய் நிக்கா. கழத்துட்டின்னா அழுதா. ஏன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கா."

கிளம்பும்போது சொன்னது ராபினுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் மறந்துபோன பேச்சைப் பிள்ளை மறக்கவில்லை.

ஆஷா போனை வாங்கினாள். "எப்பா, இன்னும் பெருசாத்தாம்ப்பா இருக்கு. நான் நெறைய திங்கேன். கொஞ்ச நாள்ல சரியாயிரும். நீ வேற யாருக்கும் அந்த எடத்தக் குடுத்துராத."

"எந்த எடத்தட்டி?"

"பாயில, செவரு ஓரம். என் எடம்."

அவனால் அழுதுவிட்டுத்தான் பேச முடிந்தது. "சட்டதாண்ட்டி தப்பு. அது நம்ம பிள்ளைகளுக்கு உள்ளதே இல்ல. அப்பாதான் தெரியாமப் போட்டுப் பாத்துட்டேன். நீ சரியாத்தான் இருக்க. எப்பவுமே சரியாத்தான் இருந்த."

"அப்பம் ஏம்ப்பா என்னைய அனுப்புன?"

டீ டைம் முடிந்து மணி அடித்தது. எல்லோரும் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமையே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாக ராபின் சொன்னான். சரிப்பா என்றாள் ஆஷா. அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.