மேற்கே போன நோன்பு

அன்று பிற்பகல் அசர் தொழுகை முடித்ததிலிருந்து சுல்தான் பீவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோன்புக் கஞ்சி இறக்கியாகிவிட்டது. வீடே சேர்ந்து கை நனைக்கும் பெரிய தட்டான சஹனில் இறால் வாடாவும் பேரீச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. இருந்தும் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மகன் இப்ராஹிம் காலையில் பம்பாயில் பிளேன் ஏறியிருப்பான். பாரீசில் வேலை. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம், இவன் அவன் ஊருக்கே போகிறான்!

அந்த வீட்டு ஆண்கள் காலங்காலமாகச் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர்கள். நோன்பு மாதத்தில் போனால் கடிகாரத்தைத் திருப்ப மாட்டார்கள். சொந்த ஊர் காரைக்காலில் பள்ளிவாசல் முரசான நகரா முழங்கும் நேரம் பார்த்துத்தான் நடுக்கடலிலும் நோன்பு திறப்பார்கள். வீட்டுச் சஹனில் கை வைத்த மாதிரி ஒரு நிறைவு. இப்ராஹிமிடமும் அவள் அப்படியே சத்தியம் வாங்கியிருந்தாள்.

கஞ்சி குடிக்க வந்த தம்பி ஹமீதிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள். பிரான்சில், மார்செய் நகரில் பட்டாளத்தில் இருந்தவன் அவன். கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"என்ன லாத்தா காரியம் பண்ணுனீங்க! சைகோன் கிழக்கே. அங்க நமக்கு முன்னாடியே பொழுது சாஞ்சுடும், காத்திருந்து திறந்தா குத்தமில்ல. பாரீசு மேற்கே, பம்பாய்லேர்ந்தே ஏழாயிரம் கிலோமீட்டரு. பிளேனு சூரியன் பின்னாடியே ஓடும். நமக்கு ஆறரைன்னா அவனுக்குப் பட்டப்பகல்!"

"அப்ப அவன் நோன்பு?"

"முறிஞ்சுதான் போவும்."

"ஒரு தந்தி குடுடா!"

"ஆகாசத்துல போறவனுக்கு எங்கேர்ந்து லாத்தா தந்தி குடுக்குறது?"

கணவர் சேக் அலாவுதீன் ஈஸிசேரில் இருந்தபடி அதட்டினார். "பிரயாணிக்கு நோன்பு கடமையில்லடி. விட்டுட்டுப் போறான், அப்புறம் ஒரு நாள் கழா நோன்பு புடிச்சு ஈடு கட்டிக்குவான். சும்மா உக்காரு."

"விடுறவனாங்க அவன்? எனக்குச் சொன்ன சொல்லுக்காகத்தானே பச்சத் தண்ணி படாம போறான். அந்தச் சொல்லுக்காகவே வெயில்ல உக்காந்து முறிக்கவும் போறான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் மறுபடி வாசலுக்குப் போனாள். தென்னந்தோப்புக்கு மேலே சூரியன் இன்னும் நின்றது. தினமும் எப்போது இறங்கும் என்று ஏங்க வைக்கும் சூரியன். இன்று அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அங்கே என் பிள்ளை தலைக்கு மேலும் இதுதானே நிற்கிறது?

சட்டென்று உள்ளே வந்தாள். செம்பைத் தூக்கினாள்.

"அடியே, இன்னும் நகரா அடிக்கல!" அலாவுதீன் பதறி எழுந்தார்.

ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பும் வேண்டுமென்று விடாதவள், மடமடவென்று பாதிச் செம்பைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"சத்தியம் வாங்குனது நான். அவன் கணக்குல எழுதுறது என் கணக்குலயும் எழுதட்டும். கழாவ ரெண்டு பேருமா புடிச்சுக்குறோம்."

ஹமீது தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் நகரா முழங்கியது. ஆண்கள் இருவரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். அவளும் சஹனுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்தாள்.

"இப்பத் திறக்குறான்" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டாள்.