ஜன்னலில் ஒரு மீன்

காலையில் காரைத் திருப்பும்போது அந்த மீன் மின்னினால் எனக்கு அன்றைக்குக் காப்பி ருசிக்கும். மின்னாவிட்டால் மாடிப்படி ஏறி ஓட வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஆகஸ்ட் மாதத்து நல்ல வெயிலில், சையாவின் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நாங்கள் மூன்று பெண்கள் செய்துகொண்டது.

மீன் என்றால் பிளாஸ்டிக் மீன். வடக்கே எங்கள் துறைமுக ஊரான கோத்காவில் குளிர்கால இருட்டு வந்துவிட்டால் சின்னவர் பெரியவர் எல்லோர் கோட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று தொங்கும். கார் விளக்கு பட்டால் பளிச்சென்று மின்னும், ஓட்டுகிறவன் பிரேக்கில் கால் வைப்பான். இந்த மீன் சையாவின் மகள் பிஹ்லாவுக்குப் பள்ளியில் சேர்ந்த அன்று சும்மா கொடுத்தது.

பாதி ஆயுளைப் போதை மருத்துவமனையில் நர்ஸாகக் கழித்தவள் நான். பெயர் மர்யுக்கா. இப்போது குழந்தைகள் நல அலுவலகத்தில் சமூகப் பணியாளர்களுக்குத் துணையாக என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தையைப் படிக்கத் தெரியும், போதையைப் படிக்கத் தெரியாது. எனக்கு நேரெதிர். இரண்டு அரைப் பார்வைக்காரிகளைச் சேர்த்து அனுப்பினால் ஒரு முழுப் பார்வை கிடைக்கும் என்று மேலே யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஜோடியாக வாய்த்தவள் ஹென்ரீக்கா. வயது குறைவு, கோபம் நிறைய. எங்கள் மேலாளரோடு தினமும் சண்டை.

அந்தச் சண்டைகளில் பெரியது சையாவுக்காக நடந்தது. வசந்த காலத்திலிருந்து போதை மாத்திரை பக்கம் போகாதவள் சையா. மேலாளர் ஒரே பிடியாக நின்றார். இன்னொரு தடவை போதையில் விழுந்தால் பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துவிடுவது, பேச்சே கிடையாது. விழுகிறவள் அதை மறைக்கத்தான் பார்ப்பாள், மறைக்கிற வீட்டில்தான் பிள்ளை சாகும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை, ஹென்ரீக்கா அவர் மேசையில் குத்திக் குத்திச் சொன்னாள். கடைசியில் அவர், "சரி, உங்க தலையில போட்டுக்கோங்க" என்றார். போட்டுக்கொண்டோம்.

"விழுந்துட்டா உடனே எனக்கு ஒரு போன் போடு, என்ன?" என்றாள் ஹென்ரீக்கா அந்த ஆகஸ்ட் நாளில்.

சையா சிரித்துவிட்டாள். "விழுந்து கெடக்கறவ போன் போடுவாளா? அந்த நேரத்துல உங்க பேரைப் பாத்தாலே எனக்குக் கை நடுங்கும். எதையாவது செய்யச் சொல்லாதீங்க. செய்யாம இருக்கச் சொல்லுங்க, அது எனக்கு நல்லா வரும்."

அதிலிருந்து பிறந்ததுதான் மீன். தினமும் காலையில் அவள் அதைச் சமையலறை ஜன்னலின் கைப்பிடியில் மாட்ட வேண்டும். பிள்ளை தூங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் அவளால் முடியாமல் போனால் மாட்ட வேண்டாம், அவ்வளவுதான். அவர்கள் கட்டிடத்து முற்றம் வழியாகத்தான் நான் வேலைக்குப் போகிறேன். மீன் இல்லையென்றால் மேலே வருவேன். பிஹ்லாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சில நாள் அவளை விட்டுவிட்டு, சையாவை எழுப்பி நிறுத்துவோம். பிறகு பிள்ளை வீடு திரும்பும்.

"திருப்பித் தருவீங்களா? சத்தியமா?"

"சத்தியமாம்மா," என்றேன். தெளிவாக இருக்கட்டும் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். "மீன் இல்லேன்னா வருவோம், பிஹ்லாவைக் கூட்டிட்டுப் போவோம். மீன் தொங்கினா யாரும் வரமாட்டோம். இதுல ஒரு சூதும் கிடையாது."

அப்போது மேசைக்கு அடியில் ஏதோ என் காலில் இடித்தது.

"யாரது, எலியா?"

"எலி இல்ல, நானு," என்றது பிஹ்லாவின் குரல்.

சிரித்தோம். தட்டிலிருந்த ஏலக்காய் ரொட்டி ஒன்றைக் கீழே நீட்டினேன். சின்னக் கை ஒன்று வந்து வாங்கிக்கொண்டு போனது.

செப்டம்பர் முழுக்க மீன் தவறவில்லை. காரை முற்றத்தில் திருப்புவேன், இரண்டாம் மாடியில் வெள்ளையாய் ஒரு மின்னல், நான் பாட்டுக்குப் போவேன். சையாவின் பரிசோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தன. ஹென்ரீக்கா மேலாளர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள். எனக்கும் உள்ளூரக் கர்வம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அக்டோபர் நடுவில் பள்ளிகளுக்கு இலையுதிர் கால விடுமுறை வந்தது. மருத்துவமனையிலும் அந்த வாரம் சையாவுக்குப் பரிசோதனை இல்லை, அவளைப் பார்க்கிற டாக்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை காலை இருட்டில் காரைத் திருப்பினேன். மீன் மின்னியது. ஆனால் காப்பி ருசிக்கவில்லை. ஏனென்று எனக்கே புரியவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் புரிந்தது. மீன் தாழ்ந்திருந்தது. ஜன்னலின் மேல் பாதியில் கைப்பிடியில் தொங்க வேண்டியது, கீழ் ஓரத்தில், கிட்டத்தட்ட பூந்தொட்டிக்குப் பக்கத்தில் மின்னியது.

அலுவலகத்தில் ஹென்ரீக்காவிடம் சொன்னேன்.

"மர்யுக்கா, மீன் இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன? கயிறு அறுந்திருக்கும், வேற எடத்துல மாட்டியிருப்பா. நீங்க இருபத்துநாலு மணி நேரமும் பேயைத் தேடறீங்க."

"என் வேலையே அதானே."

"நம்ம வேலை வாக்கைக் காப்பாத்தறது. மீன் தொங்கும்போது போய்க் கதவைத் தட்டுனா அவ நம்மளை இனிமே நம்புவாளா? நாளைக்கு நெசமாவே விழுந்தா, அப்பவும் மாட்டித்தான் வைப்பா."

அவள் சொன்னது முழுக்கச் சரி. நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமேதான் அது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவு கடைக்குப் போய்த் திரும்பும்போது தேவையில்லாமல் அந்த முற்றத்துக்குள் காரை விட்டேன். பிள்ளை தூங்கும் நேரம் தாண்டிவிட்டது. சமையலறையில் விளக்கில்லை. மீன் மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, எடுக்கப்படாமல். இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் கொடுத்த சத்தியம் என்றேன். கடையில் வாங்கிய பாலின் குளிர்ச்சி மடியில் இறங்கும் வரை அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை மீன் அதே இடத்தில், அதே பக்கம் வால் சாய்ந்து நின்றது. இரவு முழுக்க ஒரு கையும் அதைத் தொடவில்லை. சத்தியமாவது மண்ணாவது என்று காரை அப்படியே நிறுத்திவிட்டு ஹென்ரீக்காவைக் கூப்பிட்டேன். அவள் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் வந்து சேர்ந்தாள். வாதாடவில்லை.

மணியடித்தோம். உள்ளே ஏதோ நகர்ந்தது, நின்றது. கதவிலிருந்த தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கி மண்டியிட்டேன். உள்ளேயிருந்து புளித்த நாற்றம் வந்தது. எனக்குத் தெரிந்த நாற்றம். துவாரத்துக்கு அந்தப் பக்கம், என் கண்ணுக்கு நேரே, இன்னொரு கண்.

"பிஹ்லா, கதவைத் தெறடா கண்ணு. நான் மர்யுக்கா."

"நீங்க வரக்கூடாது."

"ஏன்டா?"

"மீன் தொங்குது. பாக்கலையா? மீன் தொங்கினா யாரும் வரமாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க. மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னீங்க."

ஹென்ரீக்கா என் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

"அம்மா எங்க?"

"நல்லா இருக்காங்க. தூங்கறாங்க."

கதவை உடைக்கிற ஆளை வரவழைக்க ஹென்ரீக்கா போனை எடுத்தாள். நான் கைகாட்டி நிறுத்தினேன். குழந்தையைப் படிக்கத் தெரியாதவள்தான் நான், ஆனால் அந்தக் கண்ணில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். "அம்மாவுக்குக் குளிருதா?" என்று கேட்டேன்.

அந்தக் கண் ஒரு முறை உள்பக்கம் திரும்பியது. பிறகு, "ரொம்பக் குளிருது," என்றாள். "என் போர்வையும் போட்டுட்டேன். கோட்டும் போட்டுட்டேன். அப்பவும் நடுங்கறாங்க. ஜூஸ் குடுத்தா வாயிலேர்ந்து வழியுது." கதவு திறந்தது. கழுத்தில் கயிற்றில் வீட்டுச் சாவி, பைஜாமா, ஒரு காலில் மட்டும் காலுறை.

சையா ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். மேலே ஒரு மலை மாதிரித் துணி. தலைமாட்டில் ஒரு தம்ளர் ஜூஸ், ரொட்டித் துண்டுகள், பிஹ்லாவின் கரடி பொம்மை. உதடு நீலம். மூச்சு கொரகொரவென்று வந்தது. ஆனால் வந்தது. என் பையில் எப்போதும் இருக்கிற, போதையை முறிக்கும் மருந்தை அவள் மூக்கில் அடித்தேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், ஹென்ரீக்கா ஆம்புலன்சுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கொதித்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போது சையா கண் திறந்தாள். என்னைக் கண்டுகொண்டாள். என் கையைப் பிடித்து இழுத்தாள், ஆச்சரியமான பலத்தோடு.

"ஏன் வரல?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "நான் மாட்டல. ஞாயித்துக்கெழம ராத்திரி மீனை எடுத்தேன், அப்புறம் மாட்டவேயில்ல. சொன்ன மாதிரியே செஞ்சேன். தெனமும் ஒங்க கார் சத்தம் கேட்டுச்சு. நிக்கும், நிக்கும்னு படுத்திருந்தேன். நிக்கல. ஏன் வரல?"

அவள் தவறவில்லை. விழுந்த கணத்திலேயே உதவி கேட்டிருக்கிறாள், தனக்குத் தெரிந்த ஒரே வழியில். அதை ஜன்னலில் மறைத்த சின்னக் கை எனக்குப் பக்கத்தில், என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தக் கை மெல்ல இறுகியது.

ஹென்ரீக்கா என்னைப் பார்த்தாள். மேலாளரின் முகம் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் வந்து போயிருக்க வேண்டும். பிள்ளைதான் மாட்டினாள் என்ற உண்மையைச் சொன்னால் எங்கள் தலை தப்பும்.

"பாத்தேன் சையா," என்றேன். "மீன் இல்லேன்னு பாத்தேன். மேல வராம அலட்சியமா போயிட்டேன். தப்பு என்னோடது. நீ சொன்ன வாக்கைக் காப்பாத்திட்ட."

"எங்களோடது," என்றாள் ஹென்ரீக்கா பக்கத்திலிருந்து. "அலுவலகத்துலயும் இதையேதான் சொல்வோம்."

சையா கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் படியிறங்கியது. அவள் பிழைப்பாள் என்று போகிற போக்கில் ஒருவர் சொன்னார்.

சாமான் எடுக்க நேரமில்லை. ஹென்ரீக்கா பிஹ்லாவின் மற்றொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் சமையலறைக்குப் போனேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலிகூட இல்லை. பிஹ்லா நுனிக்காலில் நின்று, எட்டிய இடத்தில், பூந்தொட்டி மாட்டும் ஆணியில் மாட்டியிருக்கிறாள். மீனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஹென்ரீக்கா காரை ஓட்டினாள். பின் இருக்கையில் நானும் பிஹ்லாவும். விடியவே இல்லை, தூறல் வேறு. துறைமுகத்துப் பக்கம் திரும்பியதும் பிஹ்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பொய் சொன்னீங்க."

"ஆமா."

"மீன் இருந்துச்சு. நான்தான் மாட்டுனேன்."

"தெரியும்டா."

"அம்மாட்ட சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன். நீ ஒரு தப்பும் செய்யல. நான் மேசையைத் தட்டிச் சொன்னதைத்தான் நீ செஞ்ச."

அவள் யோசித்தாள். ஏழு வயதுப் பிள்ளை அப்படி யோசிப்பதை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை. அந்தக் குடும்பத்தின் வாசலில் இறங்கியபோது தெருவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பையிலிருந்து மீனை எடுத்து, குனிந்து, அவள் கோட்டு ஜிப்பில் கட்டப்போனேன். அது பிறந்த இடம் அதுதானே.

அவள் என் கையைத் தள்ளிவிட்டு ஓரடி பின்னால் போனாள், விளக்கு எட்டாத பக்கமாக.

"வேண்டாம்," என்றாள். "இது மின்னி என்னைப் பாத்தா கூட்டிட்டுப் போக வந்துடுவாங்க."