யாரும் உள்ளே விடாத கப்பல்

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. நாற்பது பேர் ஒரே அறையில் உட்கார்ந்து சுவரில் விழும் படத்தோடு பேசுகிறார்கள். டீ வைத்தால்கூடத் திரும்ப மாட்டார்கள்.

மைசூரில் கடல் கிடையாது. அரண்மனை பார்க்கலாம் என்றோ என்னவோ, மூன்று நாட்டுத் துறைமுகக்காரர்கள் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் கூட்டம் போட்டார்கள். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று இனி மூன்று நாடும் ஒரே படத்தில் பார்ப்பார்களாம்.

படத்தில் பச்சைப் புள்ளிகள் நகர்ந்தன. ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. பக்கத்தில் ஓரியன் தாரா என்று பெயர். எனக்கு இங்கிலீஷ் வராது. அந்த எழுத்துகள் மட்டும் தெரியும். என் மகன் கவின்ராஜின் கப்பல் வேலைச் சட்டைப் பையில் தைத்திருந்தவை.

கொரோனா வருஷம் அந்தக் கப்பலில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. இந்த மூன்று நாட்டுத் துறைமுகமும் உள்ளே விடவில்லை. பதினோரு நாள் வெளியே நின்றார்கள். பிறகு செத்தவனைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். கரையேறாதவனுக்குக் கருமாதி கிடையாது என்று அவன் அம்மா மாதம்மா இன்னும் பிடிவாதமாக இருக்கிறாள்.

தட்டைக் கீழே வைத்தேன். “ஏனம்மணி, அந்தக் கப்பல் இன்னும் நிக்குதா?”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அஷ்வினி இந்த ஊர்ப் பெண், தமிழ் பேசுவாள். சிரித்தாள். “இல்ல தாத்தா, அத எப்பவோ உடைச்சு இரும்பா வித்துட்டாங்க. உள்ள விட்ட துறைமுகம்தான் பேர லிஸ்ட்லேருந்து எடுக்கணும். யாரும் விடல. அதனால மூணு ஊர் லிஸ்ட்லயும் காத்திருக்குன்னே கெடக்கு. இருங்க, அழிச்சிடறேன்.”

“அழிக்காத!”

அறையே திரும்பியது.

“எம்பையன் அதுலதான் இருந்தான். மொதல்ல உள்ள உடுங்க. அப்புறம் எடுங்க.”

நான் சொன்னதை அவள் இங்கிலீஷில் சொன்னாள். மூன்று நாட்டுப் பெரிய அதிகாரிகள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்றும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். கடைசியில் ஒரு தாடிக்காரர் தலையாட்டினார். உடனே மற்ற இருவரும் ஆட்டினார்கள்.

அஷ்வினி தட்டினாள். சிவப்பு பச்சையானது. அந்தப் புள்ளி கரைப்பக்கம் ஒரு துளி நகர்ந்த மாதிரி இருந்தது, மறைந்தது. மூடிய அறைக்குள் ஈர உப்பு வாடை அடித்தது. கேட்டால் ஏசி என்பார்கள்.

“ஆய்து, முடிஞ்சுது தாத்தா. உள்ள வந்துடுச்சு.”

“அவன் எறங்குனத யாரு பாத்தீங்க?”

பின்னால் யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் காலிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன். மாதம்மாவிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.