உயிரோடிருந்த மகனுக்குத் துக்கம்

யூதர்களின் பாவநிவாரண நாள் சூரியன் மறைந்ததும் பிறந்துவிடும். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். எருசலேமின் அந்தச் சந்தில் எல்லோரும் நோன்புக்கு முந்தைய சாப்பாட்டை முடித்துவிட்டார்கள். கெட்செலுக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி அறைக்குள் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

"எடுக்க மாட்டேங்கிறான், ஹென்யா."

"செத்தவன் எப்படிங்க போன் எடுப்பான்?" என்றாள் மனைவி, தட்டுகளைக் கழுவியபடியே.

சுருக்கென்று தைத்தது. சில வருஷங்களுக்கு முன் அவர்கள் மகன் லீபா ஓர் ஓய்வுநாளில் போனை எடுத்துப் பேசிவிட்டான். அந்த நாளில் தொடவே கூடாத பொருள். வாக்குவாதம் முற்றி, பையன் தூரத்து ஹைஃபா நகருக்குப் போய்விட்டான். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சட்டையைக் கிழித்துக்கொண்டு, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, ஏழு நாள் இழவு காத்தார். உயிரோடிருக்கும் பிள்ளைக்கு! அக்கம்பக்கத்தார் இழவு வீட்டுக்குக் கொடுக்கும் அவித்த முட்டை கொண்டுவந்து ஆறுதல் வேறு சொன்னார்கள்.

இந்த நாளுக்காக ஒரு மாதமாய் மனசைத் தயார் செய்தார். விடியலில் கொம்பொலி கேட்டார், சுத்திகரிப்புத் தொட்டியில் முங்கினார், மீன்காரன் முதல் மைத்துனன் வரை எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மனுஷனுக்குச் செய்த தப்பை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும். அதில் கடவுள் தலையிடமாட்டார். ஜெபத்தை முன்நின்று நடத்தப்போவது கெட்செல்தான். காலையில் பாடிப் பார்த்தபோது கடவுளை 'அப்பா' என்று கூப்பிடும் இடம் வந்தது. பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டார். எந்த வாயால் கூப்பிடுவது?

"ஹைஃபாவுக்கு டாக்சி கிடைக்குமா?"

"போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும்." ஹென்யா திரும்பினாள். "செத்தவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டுக் கல்லறைக்குப் போகணும். அதானே சட்டம்? போங்களேன். எங்க இருக்கு என் புள்ள கல்லறை? காட்டுங்க!"

கெட்செல் சுவரில் முகம் புதைத்து விம்மினார்.

ஹென்யா நோன்பு விளக்கேற்றினாள். சூரியன் இறங்கியது. ஓய்வுநாளைப் போலவே இனி போனைத் தொட முடியாது. வெள்ளை அங்கியும் துணிச்செருப்பும் மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்.

மேசைமேல் போன் அடித்தது. அணைத்து வைக்க மறந்திருந்தார்.

"லீபா நம்பருங்க," என்றாள் ஹென்யா.

"ஐயோ, இப்பவா? கொஞ்சம் முன்னாடி அடிக்க வெச்சிருக்கக் கூடாதா?" மேலே பார்த்துக் கத்தினார். மணி நிற்கவில்லை. "நாங்க எத்தனை தடவை உன் பேச்சை மீறியிருக்கோம். எங்களுக்காக ஒரு தடவையாவது நீ இழவு காத்திருக்கியா?"

போனை எடுத்தார்.

"லீபா..."

"அப்பாவா?" மகன் பதறினான். "விளக்கேத்தியாச்சேப்பா! நீங்க எடுக்க மாட்டீங்கன்னுதானே அடிச்சேன்."

"அப்புறம் எதுக்குடா அடிச்சே?"

"என் சத்தம் ஏதாவது நம்ம வீட்டுக்குள்ள கேக்கட்டும்னுதான். போன வருஷமும் அடிச்சேன். ஆஃப் பண்ணி வெச்சிருந்தீங்க."

கெட்செல் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

"வெச்சிடுங்கப்பா. உங்களுக்குப் பாவம்."

"வைக்க மாட்டேன்டா."

தெருவிலிருந்து யாரோ ஜெபத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் லீபாவின் உயரத்துக்கு வலது கையைத் தூக்கினார். நோன்புக்கு முன் பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் சொல்லும் ஆசியை வெறும் காற்றில் கைவைத்துச் சொன்னார்.